80–125: ஜெனரிக்கும் மூல மருந்தும் சமம் என்றால் என்ன பொருள்?

மருந்துக்கடையில் சீட்டை நீட்டுகிறோம். "இந்தக் கம்பெனி இல்லைங்க, வேற இருக்கு. ரெண்டும் ஒரே மருந்துதான்" என்கிறார் கடைக்காரர். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வேதிப்பெயர் ஒன்று, மில்லிகிராம் ஒன்று, விலையில்தான் வேறுபாடு. சிலர் நிம்மதியாக வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் விலை குறைவு என்பதாலேயே ஐயப்பட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார்கள்.

"ஒரே மருந்து" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. மாத்திரைக்குள் இருக்கும் வேதிப்பொருளும் அதன் அளவும் ஒன்று என்பது முதல் கூற்று. அந்தப் பொருள் இரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் ஒன்று என்பது இரண்டாவது. நோயைத் தணிப்பதில் இரண்டும் ஒன்று என்பது மூன்றாவது. முதலாவதை வேதியியல் ஆய்வகத்தில் ஓரிரு நாளில் சரிபார்த்துவிடலாம். மூன்றாவதை நேரடியாக நிறுவ, ஒவ்வொரு ஜெனரிக் மருந்துக்கும் பெருந்தொகையான நோயாளிகளும் பல ஆண்டுகளும் தேவைப்படும்; அப்படிச் செய்தால் ஜெனரிக் மருந்து மலிவாகவே இருக்க முடியாது. எனவே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டாவதை அளக்கின்றன. அதிலிருந்து மூன்றாவதை ஊகிக்கின்றன. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் ஹாட்ச்–வேக்ஸ்மன் சட்டம் இந்த ஊகத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. இன்று உலகின் பெரும்பாலான ஜெனரிக் மாத்திரைகள் இந்த ஊகத்தின் மேல்தான் நிற்கின்றன.

அந்த ஊகம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதுவெளியில் ஐயம் எழுப்பப்படும் இடம் ஒன்று, உண்மையில் ஐயம் எழ வேண்டிய இடம் வேறொன்று என்பது என் நிலைப்பாடு.

1. கேள்வி பிறந்த கதை

1968, 69 வாக்கில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தள்ளாட்டம், மயக்கம் முதலிய நச்சு அறிகுறிகளோடு மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். யாரும் அளவை மீறி விழுங்கவில்லை; மருத்துவர்கள் அளவைக் கூட்டவும் இல்லை. ஆராய்ந்தபோது, காப்ஸ்யூலை நிரப்பச் சேர்க்கும் துணைப்பொருளில் மாற்றம் நடந்திருந்தது தெரிந்தது. கால்சியம் சல்ஃபேட் இருந்த இடத்தில் லாக்டோஸ் வந்திருந்தது. கால்சியம் சல்ஃபேட் ஃபெனிட்டாயினின் ஒரு பகுதியை உறிஞ்சப்படாமல் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தடையோடு சேர்த்துத்தான் மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் அளவைப் பொருத்தியிருந்தார்கள். தடை நீங்கியதும் அதே 100 மில்லிகிராம் கூடுதலாக இரத்தத்தில் ஏறியது. ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகொடுக்க மாட்டா. ஆகவே உறிஞ்சப்படும் அளவில் ஏற்படும் சிறிய ஏற்றம் இரத்தச் செறிவில் பெரிய ஏற்றமாகிவிடுகிறது. 1970இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இந்தக் கதையை ஜெனரிக் மருந்துகளுக்கு எதிரான சான்றாகப் பலர் சொல்வதுண்டு. இதில் ஜெனரிக் மருந்தே இல்லை. மாறியது ஒரே தயாரிப்பின் உள்கலவை. 1971இல் ஜான் லிண்டன்பாமும் கூட்டாளிகளும் நியூயார்க்கில் டிகாக்ஸின் மாத்திரைகளை ஒப்பிட்ட ஆய்விலும் இதே பாடம் உண்டு. தயாரிப்புக்குத் தயாரிப்பு இரத்தச் செறிவு ஏழு மடங்குவரை வேறுபட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகளுக்கு இடையிலும் பெரிய வேறுபாடு இருந்தது. இதயம் தளர்ந்த ஒருவருக்கு டிகாக்ஸின் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மருந்துப்பொருளின் எடையை மட்டும் நம்ப முடியாது, மாத்திரை உடலுக்குள் எப்படிக் கரைகிறது என்பதையும் அளந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு மருந்தியல் உலகம் வந்தது இப்படித்தான். இரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற உயிர்ச்சமானக் கருத்து ஜெனரிக்குகளைச் சந்தைக்குள் விடுவதற்காக மட்டும் கண்டுபிடித்த குறுக்குவழி அன்று. எல்லா மாத்திரைகளின் மேலும் எழுந்த ஐயத்தின் பிள்ளை அது.

2. வளைகோட்டிலிருந்து எடுக்கும் எண்கள்

ஆய்வின் அமைப்பு எளியது. பெரும்பாலும் 24 முதல் 36 வரையிலான நலமுள்ள தன்னார்வலர்கள் பங்கேற்பார்கள். பாதிப் பேர் முதலில் மூல மருந்தையும், மீதிப் பேர் முதலில் ஜெனரிக்கையும் விழுங்குவார்கள். முதல் மருந்து உடலிலிருந்து முழுதாக நீங்கும்வரை இடைவெளி விட்டு, இரு குழுக்களும் மருந்தை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் குறித்த நேரங்களில் இரத்தம் எடுத்து மருந்தின் செறிவை அளப்பார்கள். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் செறிவைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்தால் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும்.

நோயாளியிடம் சோதிக்காமல் நலமுள்ளவரிடம் ஏன் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இங்கே சோதனைக்குள்ளாவது மருந்துப்பொருள் அன்று. அதன் பலன் மூல மருந்தின் ஆய்வுகளில் முன்பே நிறுவப்பட்டுவிட்டது. சோதிப்பது மாத்திரையை, அதாவது பொருளை வெளிவிடும் கருவியை. ஒரே மனிதர் இரண்டையும் விழுங்குவதால் அவருடைய கல்லீரல், சிறுநீரகம், எடை, வயது யாவும் இரு பக்கமும் சமமாக நிற்கின்றன. எஞ்சும் வேறுபாடு மாத்திரையுடையது. கருத்தளவில் இந்த ஏற்பாடு வலுவானது என்றே நினைக்கிறேன்.

வளைகோட்டிலிருந்து முதன்மையாக எடுப்பவை மூன்று. வளைகோட்டின் கீழுள்ள பரப்பு (ஏயூசி) மருந்து மொத்தம் எவ்வளவு உடலுக்குள் சேர்ந்தது என்பதைக் காட்டும். வரப்பு நேராக இல்லாத வயலைச் சரிவகத் துண்டுகளாக வெட்டி அளந்து கூட்டுவதுபோலத்தான் இதையும் கணக்கிடுகிறார்கள். உச்சச் செறிவு (சிமேக்ஸ்) வளைகோட்டின் மிக உயர்ந்த புள்ளி. உச்ச நேரம் (டிமேக்ஸ்) அந்தப் புள்ளியை எட்ட ஆகும் நேரம். அரைவாழ்வையும் கணக்கிடுவார்கள், ஆனால் அது மருந்துப்பொருளின் இயல்பு, மாத்திரையின் இயல்பு அன்று. ஆதலால் ஒப்பீட்டில் அதற்குத் துணைப் பங்குதான்.

மூன்றும் ஒரே தரமான அளவைகள் அல்ல. பரப்பு பல புள்ளிகளைக் கூட்டிப் பெறுவது. ஓர் அளவீடு பிசகினாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். உச்சச் செறிவு ஒற்றைப் புள்ளி. இரத்தம் எடுத்த இரு நேரங்களுக்கு நடுவே உண்மையான உச்சம் வந்து போயிருந்தால் அது பதிவாகாது. மேலும் அதை உறிஞ்சப்படும் வேகத்தின் அளவை என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மொத்த அளவு கூடினாலும் உச்சம் உயரும். வேகமும் அளவும் அதில் கலந்தே கிடக்கின்றன. உச்ச நேரமோ இரத்தம் எடுத்த நேரங்களில் ஒன்றாகவே அமைய முடியும் என்பதால் புள்ளியியல் கணக்குக்கு எளிதில் வசப்படாது. பெரும்பாலான விதிமுறைகள் முதல் இரண்டுக்கும் கறாரான எல்லை வகுத்துவிட்டு, மூன்றாவதைப் பார்வைக்கு மட்டும் விட்டுவிடுகின்றன. பிறகு இந்தக் கடைசி விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

3. "45 விழுக்காடு வேறுபடலாம்" என்ற பிழை

ஏற்கப்பட்ட எல்லை 80 முதல் 125 விழுக்காடு. இதைப் படித்தவுடன், ஜெனரிக் மாத்திரையில் மருந்து 20 விழுக்காடு குறைந்திருக்கலாம், 25 விழுக்காடு கூடியிருக்கலாம், ஆக இரண்டு ஜெனரிக்குகளுக்கிடையே 45 விழுக்காடு வேறுபாடு இருக்கலாம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். மருத்துவர்களே மேடையில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் இது பிழை.

முதலாவது, இந்த எண்கள் மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடையைப் பற்றியவை அல்ல. எடைக்கு மருந்துநூல்கள் தனியே குறுகிய எல்லை வைத்திருக்கின்றன. அது மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் பொது. இரண்டாவது, 80-க்கும் 125-க்கும் இடையில் விழ வேண்டியது சராசரி விகிதம் அன்று. அந்த விகிதத்தைச் சூழ்ந்த 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும்.

இதன் கடுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உணர முடியும். 24 தன்னார்வலர்கள், ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் ஏற்படும் மாறுபாடு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சராசரி விகிதம் துல்லியமாக 100 என்று வந்தால் நம்பக இடைவெளி ஏறத்தாழ 91 முதல் 110 வரை நீளும், தேறிவிடும். 90 என்று வந்தால் இடைவெளி ஏறத்தாழ 82 முதல் 99. இதுவும் தேறும், ஆனால் விளிம்பில். 88 என்று வந்தால் கீழ் முனை 80-க்குக் கீழே நழுவிவிடும், மாத்திரை தோற்றுவிடும். 12 விழுக்காட்டு வேறுபாட்டிலேயே கதவு சாத்தப்படுகிறது. மாறுபாடு 40 விழுக்காடாக உள்ள மருந்தில், அதே 24 பேரை வைத்து, சராசரி 95 என்று வந்தால்கூடத் தேறாது.

நடைமுறைச் சான்றும் உண்டு. 1996 முதல் 2007 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் ஒப்புதல் பெற்ற ஜெனரிக்குகளின் 2070 ஆய்வுகளை பார்பரா டேவிட்டும் சக ஆய்வாளர்களும் தொகுத்து 2009இல் வெளியிட்டார்கள். மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வேறுபாடு பரப்பில் 3.56 விழுக்காடு, உச்சச் செறிவில் 4.35 விழுக்காடு. இவை ஒப்புதல் பெற்றவை மட்டுமே என்பதை மறக்கலாகாது. தோற்ற ஆய்வுகள் இந்தக் கணக்கில் இல்லை.

80–125 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலான மருந்துகளில் 20 விழுக்காட்டுக்குட்பட்ட வேறுபாடு நோயாளியிடம் பொருட்படுத்தத்தக்க விளைவை உண்டாக்காது என்ற மருத்துவ மதிப்பீட்டிலிருந்து. செறிவுகளை மடக்கையாக மாற்றிக் கணக்கிடுவதால் 0.8-இன் தலைகீழான 1.25 மேல் எல்லையாகிறது. அந்த 20 எந்தப் பரிசோதனையிலிருந்தும் பிறந்ததன்று. வல்லுநர்கள் கூடி ஒப்புக்கொண்ட வரம்பு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட வரம்பு பெரும்பாலான மருந்துகளில் பழுதின்றி வேலை செய்திருக்கிறது. 2008இல் ஆரன் கெசல்ஹைம் குழுவினர் இதய, இரத்தக்குழாய் மருந்துகளைப் பற்றிய 38 சமவாய்ப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது மூல மருந்து மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் அதே காலத்து மருத்துவ இதழ்களின் தலையங்கங்களில் பாதிக்கு மேல் மாற்றுவதை எதிர்த்தே எழுதியிருந்தன. சான்று ஒரு திசையிலும் கருத்து மறு திசையிலும் நின்றன.

கருத்தை உருவாக்கியதில் வணிகத்துக்கும் பங்குண்டு. தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சினில், தன் மருந்தே மேல் என்று காட்டும் நோக்கில் ஒரு மூல மருந்து நிறுவனம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. நான்கு தயாரிப்புகளும் சமம் என்று முடிவு வந்தது. நிறுவனத்தின் தடையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த அந்தக் கட்டுரை 1997இல்தான் அச்சேறியது.

4. அளவைகள் தவறவிட்டபோது

இதுவரை சொன்னதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடித்துவிட முடியாது. புப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்தின் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நாளுக்கு ஒருமுறை விழுங்கி, மருந்து மெல்ல மெல்ல வெளியேறும்படி அமைந்த மாத்திரை அது. 150, 300 மில்லிகிராம் என இரு வலிமைகள். 300 மில்லிகிராம் நலமுள்ளவருக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும் என்ற அச்சத்தால் 150-ஐ மட்டும் சோதித்து, அதன் முடிவு 300-க்கும் பொருந்தும் என்று கொண்டு 2006 டிசம்பரில் அமெரிக்கா ஒரு ஜெனரிக்கை அனுமதித்தது. 2007 முதல் புகார்கள் வந்தன: மூல மருந்திலிருந்து மாறியவர்களில் சிலருக்குத் தலைவலி, பதற்றம், திரும்பிவந்த மனச்சோர்வு. மனச்சோர்வு இயல்பாகவே வந்து போகும் நோய் என்று கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் தன் முடிவைக் காத்துக்கொண்டது. பிறகு தானே பணம் செலவிட்டு 300 மில்லிகிராமைச் சோதித்தது. 2012இல் முடிவு வெளிவந்தது. ஜெனரிக்கின் உச்சச் செறிவு மூல மருந்தின் சுமார் 75 விழுக்காடு; பரப்பு சுமார் 86 விழுக்காடு. மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

என் கவனத்தை ஈர்ப்பது இன்னொரு எண். மூல மருந்து 5, 6 மணி நேரத்தில் உச்சத்தை எட்ட, ஜெனரிக் 2, 3 மணி நேரத்திலேயே எட்டியது முன்பே தெரிந்திருந்தது. பரப்பும் உச்சச் செறிவும் எல்லைக்குள் இருந்ததால் உச்ச நேரத்தின் வேறுபாடு முக்கியமன்று என்று ஒதுக்கப்பட்டது. உடனடியாகக் கரையும் மாத்திரையில் அந்த முடிவு பெரும்பாலும் சரி. ஆனால் நாள் முழுவதும் அளந்து விடுவதற்கென்றே செய்த மாத்திரையில், எப்போது விடுகிறது என்பது அதன் உயிர்நாடி. நோயாளிகள் உடம்பில் உணர்ந்ததும் வளைகோட்டின் வடிவம் காட்டியதும் ஒன்றாக இருந்தும், எல்லை வகுக்காத அளவை என்பதால் அது பேச இடமில்லாமல் போயிற்று.

இந்தக் குறையைத் தீர்க்க வழி பிறந்திருக்கிறது. மொத்தப் பரப்பை மட்டும் பார்க்காமல், காலப்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒப்பிடும் பகுதிப் பரப்பு முறை அது. கவனக்குறைவுக் கோளாறுக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரைகளில் நாளின் பிற்பகுதியில் பலன் குறைகிறது என்ற புகார்களுக்குப் பின், 2014 நவம்பரில் இரண்டு ஜெனரிக்குகளின் சமானத் தகுதியை அமெரிக்கா இறக்கியது.

5. சிறிய பிசகும் பொறுக்காத மருந்துகள்

ஃபெனிட்டாயின், வார்ஃபரின், டாக்ரோலிமஸ், லெவோதைராக்சின் போன்றவற்றில் பலன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. இவற்றுக்கு 80–125 தளர்வானது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அமைப்புகளும் அதை ஏற்றிருக்கின்றன. ஐரோப்பா 90 முதல் 111 என்று நெருக்கியது. அமெரிக்கா மூல மருந்தின் மாறுபாட்டுக்கு ஏற்ப எல்லையைச் சுருக்குவதோடு, ஜெனரிக்கின் மாறுபாடு கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்க்கிறது.

இன்னொரு நியாயமான கவலை, ஜெனரிக்கிலிருந்து ஜெனரிக்குக்குத் தாவுவது. ஒவ்வொன்றும் மூல மருந்தோடு ஒப்பிடப்பட்டதே தவிர ஒன்றோடொன்று ஒப்பிடப்படவில்லை. ஒன்று 92-லும் மற்றொன்று 109-லும் நின்றால் இரண்டுக்கும் நடுவே 18 விழுக்காடு. இதை வலிப்பு நோயாளிகளிடமே சோதித்தார்கள். மிகவும் வேறுபட்ட இரண்டு லாமோட்ரிஜின் ஜெனரிக்குகளைத் தேர்ந்து, மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2016இல் லான்செட் நரம்பியல் இதழில் வந்த முடிவு: இரண்டும் சமம். முப்பத்தைந்து பேர் பங்கேற்ற சிறிய ஆய்வுதான். ஆயினும் நலமுள்ளவரை விட்டு நோயாளியிடம் போய்க் கேட்டது என்பதால் அதற்கு எடை உண்டு. லாமோட்ரிஜினுக்கு வந்த விடையை ஃபெனிட்டாயினுக்குக் கடன் கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபெனிட்டாயின் நன்றாக ஒத்துப்போயிருக்கும் ஒருவர் கம்பெனியை மாற்ற நேர்ந்தால், சில வாரங்களில் இரத்தச் செறிவைப் பார்த்துவிடுவதே முறை.

6. சோதித்த மாத்திரையும் கையில் உள்ள மாத்திரையும்

மேலே சொன்ன விவாதம் முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நாம் விழுங்கும் மாத்திரை, 24 பேர் விழுங்கிய மாத்திரையைப் போன்றது. ஆய்வு ஒரு தொகுதியில் ஒருமுறை நடக்கிறது. பின்னால் ஆண்டுக்கணக்கில் வெளிவரும் தொகுதிகளை அந்தத் தொகுதியோடு கட்டிவைப்பது கரைதிறன் சோதனையும் உற்பத்தி ஒழுங்கும்தான். இந்தியாவில் ஐயம் எழ வேண்டிய இடம் இது என்று கருதுகிறேன்.

இங்கே நெடுங்காலம் அந்த முதல் ஆய்வே பல மாத்திரைகளுக்குக் கட்டாயமாக இருக்கவில்லை. புதிய மருந்து என்ற தகுதி நான்கு ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் உயிர்ச்சமான ஆய்வு இன்றியே மாநில அதிகாரிகளிடம் உற்பத்தி உரிமம் பெற முடிந்தது. 2017 ஏப்ரல் 3 அன்று மருந்து விதிகள் திருத்தப்பட்டு, உயிர்மருந்து வகைப்பாட்டில் இரண்டாம், நான்காம் வகையில் வரும், அதாவது எளிதில் கரையாத, வாய்வழி மருந்துகளுக்கு உரிமம் கோருவோர் ஆய்வு முடிவைத் தர வேண்டும் என்றானது. பெரிய முன்னேற்றம். ஆனால் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் வைக்கும் நிபந்தனை அது. முன்பே உரிமம் பெற்றுக் கடையில் இருக்கும் மாத்திரையை அதே வரி எட்டுவதில்லை. மேலும் அந்த வகைப்பாடு கரைதிறனையும் ஊடுருவுதிறனையும் கேட்கிறதே ஒழிய, பிசகினால் என்ன ஆபத்து என்று கேட்பதில்லை.

1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகங்களில் சோதித்த பிறகே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்ற ஏற்பாடு இது. போலி மருந்தையும் எடை குறைந்த மாத்திரையையும் அது பிடித்துவிடும். இரத்தத்தில் வரையப்படும் வளைகோட்டை மட்டும் அந்தச் சோதனையால் பார்க்க முடியாது.

ஆய்வு நடந்திருந்தாலும் அதை நம்பலாமா என்ற கேள்வியும் நம் ஊரிலேயே எழுந்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆய்விடங்கள் கொண்ட ஓர் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில், தரவுகள் திரித்துக் காட்டப்பட்டதையும் ஆவணங்கள் குறைபட்டிருந்ததையும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் அடிப்படையில் 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை பல ஜெனரிக்குகளின் அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அந்த மருந்துகளால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் சான்று இல்லை என்றும் முகமை சொன்னது. மருந்து கெட்டது என்று அந்த முடிவு சொல்லவில்லை. நல்லது என்பதற்கு வைத்த சாட்சி செல்லாது என்றது.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்கள் பொதுப்பெயரில்தான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று விதித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. எதிர்த்த மருத்துவர்கள் கேட்டது ஜெனரிக் என்ற கருத்தைப் பற்றியல்ல, தரத்துக்கு யார் உறுதி என்பதை. அந்தக் கேள்விக்கு 80–125-ஐப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் விடை கிடைக்காது.

அமெரிக்காவில் 1980 முதல் வெளிவரும் ஆரஞ்சுப் புத்தகத்தை யாரும் திறந்து, எந்த ஜெனரிக் எந்த மூல மருந்துக்குச் சமானம் என்று பார்க்கலாம். புப்ரோப்பியானும் மெத்தில்ஃபெனிடேட்டும் தகுதி இழந்ததும் அங்கேதான் பதிவானது. நம் மாத்திரை அட்டையில் தொகுதி எண் இருக்கிறது, தயாரித்த மாதமும் காலாவதியாகும் மாதமும் இருக்கின்றன, உரிம எண் இருக்கிறது, விலை இருக்கிறது. உயிர்ச்சமானம் சோதிக்கப்பட்டதா, எந்த மருந்தோடு, எந்த ஆண்டில் என்று சொல்லும் ஒரு வரி இல்லை. உரிம எண்ணுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது.